மரபுப் பாடல்

2018-இல் என்னுடைய சிறுகதை ஒன்றுக்கு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. கதையின் முடிவில் ஒரு கிழவி ஒப்பாரி வைப்பாள். எட்டு வரி. நடுவர்களில் ஒருவர் மேடையில் அந்த எட்டு வரிகளையும் வாசித்துவிட்டு, இதுதான் நம் தோட்டப்புற வாய்மொழி மரபின் செழுமை என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கதை அச்சில் வந்தபோது அந்த வரிகளுக்குக் கீழே 'மரபுப் பாடல்' என்று போட்டிருந்தேன். நேர்மையாக இருக்கிறோம் என்ற நினைப்பில்தான் போட்டேன். என் வரிகள் இல்லை என்று சொல்லிவிட்டேன் அல்லவா?

யாருடைய வரிகள் என்று தெரிய இன்னும் நான்கு வருடம் ஆனது.

2022-இல் ஈஜோக் பக்கம் ஒரு சாவு. பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாம் அப்படிப்பட்ட இடங்களில்தான் இப்போது ஒன்றுசேர்கிறார்கள். வாடகைக்கு எடுத்த கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கியில் தேவாரம். ஒப்பாரி இல்லை. பாட்டியோடு ஒரே தீம்பாரில் மரம் வெட்டிய பெரியம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஒங் கதைய எம் பேத்தி படிச்சுக் காட்டுனா. நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அந்தப் பாட்டு ஒங்க பாட்டி கட்டுனது தாயி. அவங்க ஆத்தா செத்தப்ப கட்டுனாங்க. நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"கீழ என்னமோ போட்டிருந்தியாமே, மரபுப் பாட்டுன்னு. அப்டின்னா என்னா?"

"ரொம்ப காலமா எல்லாரும் பாடுறது பெரியம்மா. யாரு கட்டுனதுன்னு தெரியாதது."

"தெரியாதுன்னு யாரு சொன்னா? யாரையாச்சும் கேட்டியா நீ?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

*

பாட்டி 1938-இல் பிறந்தவர். இந்தியாவிலிருந்து மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திய வருடம் அது. கங்காணி ஆள்பிடிப்பு அத்தோடு முடிந்தது. கப்பல் நின்ற வருடத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் பாட்டி. தமிழ்நாட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஐந்து வயதாகும்போது அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட அழைத்துப்போனான். திரும்பி வரவில்லை. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கதை இல்லாத லயம் குறைவு.

எங்கள் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கம். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெரியவர்கள் இன்னும் 'பத்தாங்' என்றுதான் சொல்வார்கள். பாட்டி பத்து வயதிலேயே மங்கு துடைக்கப் போனவர். கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாக நிரை. விடிகாலை பெரட்டு, தலைவிளக்கோடு காடு, பத்து பதினோரு மணிக்குப் பால் எடுத்து, காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி தொங்க ஸ்டோருக்கு நடை. பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. கடைசிவரை அப்படித்தான்.

அந்த எட்டு வரிகளை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை கேட்காமல் எழுதிவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். ரப்பர் மரத்தை விடிவதற்கு முன்னால் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டி முடித்து, மங்குகள் நிறைந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் போயிற்று. மரத்தில் வழியும் தண்ணீர் எல்லாம் மங்கில் இறங்கி, பாலை வெளியே தள்ளிவிடும். இருட்டில் வெட்டிய முந்நூறு நானூறு மரத்து உழைப்பு தரையில் வெள்ளையாக ஓடும். அன்றைய கூலி அம்பேல். பாட்டி தன் ஆத்தாவின் சாவை அந்த மழையாகப் பாடியிருந்தார். வெட்டி முடித்து, எடுக்கப் போகும் நேரத்தில் வந்த மழை. அப்பா வருவார் வருவார் என்று பதினெட்டு வருடம் காத்திருந்த ஒரு பொம்பளையைப் பற்றி இதைவிட என்ன சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்தோ சேலத்திலிருந்தோ கப்பலில் வந்த ஒப்பாரியில் ரப்பர் மரத்து மழை எப்படி இருக்கும்? தங்கக் கட்டில், வெள்ளித் தூண், பந்தல் நிறைந்த சனம், பொறந்த வீட்டுச் சீர் — இதெல்லாம் அங்கிருந்து வந்தது. ராகம் வந்தது. ஒரு வரியை முடித்து மூச்சை இழுத்து அடுத்த வரியை எடுக்கும் இடம் வந்தது. மழையும் மங்கும் இங்கே யாரோ ஒருத்தர் உள்ளே வைத்தது. அந்த யாரோ ஒருத்தருக்கு வயது, முகவரி, நிரை எண் எல்லாம் இருந்தது. என் வீட்டில், என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கிய எனக்கு இது தட்டவில்லை. நாட்டார் பாடல் என்றால் ஆசிரியர் அற்றது என்று முதல் பருவத்திலேயே பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

*

பத்தாங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் தென்னமரம் தோட்டம். அந்தப் பெயரைக் கேட்டால் தமிழ்க் காது ஒரு நிமிடம் நிற்கும். மலேசியாவில் வணிக அளவில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917-இல். நட்டவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயாவுக்கு வந்து, கோலசிலாங்கூர் பக்கம் ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்டவர். அவர் ஒரு நாவலும் எழுதினார். 'மலேசி' என்று பெயர். 1930-இல் அதற்குப் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே ஆங்கிலத்தில் வந்தது. நம் தமிழாட்களும் அதில் வருகிறார்கள்.

நாவல் நல்ல நாவல்தான். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் படித்தபோது எனக்கு ஒரு கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1920-களின் கடைசியில் அரசாங்கம் நிர்ணயித்த கூலி, எளிதில் போய்வரக்கூடிய தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த நாவலுக்குப் பரிசு கிடைத்த நேரத்தில் ரப்பர் விலை விழுந்து அதையும் குறைத்தார்கள். ஒரே மண். ஒரே மழை. மாலையில் அந்த மழையைப் பார்த்து ஒருவர் தாளில் எழுதினார். காலையில் அதே மழையில் நாள்கூலியைப் பறிகொடுத்த பெண்கள் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள்? கட்டாயம் சொல்லியிருப்பார்கள். வாயில்லாத பெண்கள் என்று தோட்டத்தில் யாரையும் நான் பார்த்ததில்லை.

*

பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு நான் மறுபடி தேடி எடுத்துப் படித்தது ஆலிஸ் வாக்கரின் கட்டுரையை. 'நம் அன்னையரின் தோட்டங்களைத் தேடி' என்று தமிழில் சொல்லலாம். 1974-இல் எழுதியது. பல்கலைக்கழகத்தில் பெண்ணியம் பாடத்துக்காக ஒருமுறை படித்து, குறிப்பெடுத்து, மறந்துபோயிருந்தேன். எழுதப்படிக்கத் தடைசெய்யப்பட்ட, அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களுக்குள் ஓர் ஓவியரோ கவிஞரோ இருந்திருந்தால் அந்தச் சக்தி எங்கே போயிருக்கும் என்று அதில் கேட்கிறார். வர்ஜீனியா உல்ஃப் பெண்ணுக்குத் தனி அறையும் கொஞ்சம் பணமும் வேண்டும் என்றார். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத பெண்ணுக்கு என்ன பதில் என்பது வாக்கரின் கேள்வி. அவருடைய அம்மா ஜார்ஜியா மாநிலத்தில் குத்தகை நிலத்தில் பாடுபட்டவர். எட்டுப் பிள்ளை. போகிற வீட்டில் எல்லாம் ஐம்பது வகைக்குமேல் செடி வைத்தவர்.

அதில் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தொங்கும் ஓர் ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றிச் சொல்கிறார். கந்தல் துணிகளை வெட்டி ஒட்டி வேதாகமக் கதைகளைச் சித்திரமாகத் தைத்தது. செய்தவர் அலபாமாவைச் சேர்ந்த பெயர் தெரியாத ஒரு கறுப்பினப் பெண் என்று எழுதியிருந்ததாகக் குறிப்பிடுகிறார். முதல்முறை படித்தபோது இந்த இடத்தில் கண் கலங்கியது ஞாபகம் இருக்கிறது. இந்த முறை கலங்கவில்லை. அந்தப் போர்வையைப் பற்றித் தேடினேன்.

அங்கே உள்ள அப்படிப்பட்ட புகழ்பெற்ற போர்வையைச் செய்தவரின் பெயர் ஹேரியட் பவர்ஸ். வாக்கர் சொன்னது இதைத்தான் என்று பலரும் கருதுகிறார்கள். ஊர் அலபாமா இல்லை, ஜார்ஜியா. 1837-இல் அடிமையாகப் பிறந்தவர். 1886-இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திச் சந்தையில் அந்தப் போர்வையைக் காட்சிக்கு வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை. சில வருடம் கழித்துக் கையில் பணமில்லாமல் தானே கொண்டுபோய்ப் பத்து டாலர் கேட்டு, ஐந்துக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது பதினொரு கட்டங்களையும் ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்ல, ஸ்மித் எழுதிவைத்துக்கொண்டார். அதனால்தான் இன்று பெயரும் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் என்ன என்பதும் இருக்கிறது. விற்ற பிறகு பவர்ஸ் பலமுறை அந்தப் போர்வையைப் பார்க்கப் போனாராம்.

பிள்ளையைப் பார்க்கப் போவதுபோல் போயிருப்பார்.

ஒருத்தி கேட்டு எழுதிவைத்ததால் ஒரு பெயர் பிழைத்தது. ஐந்து டாலருக்கு வாங்கியவள் என்று அவளைத் திட்டலாம், நானும் திட்டினேன். ஆனால் அவள் கேட்டாள். நான் கேட்கவில்லை.

அடிமைமுறையையும் நம் தோட்டத்து வாழ்க்கையையும் ஒரே தராசில் வைக்க எனக்கு இஷ்டமில்லை. பாட்டியை யாரும் விலைக்கு விற்கவில்லை. பாட்டி சங்கத்துக்குச் சந்தா கட்டியவர், கிராணியின் முகத்துக்கு நேராக எடை தப்பு என்று சண்டை போட்டவர். மலேசிய இலக்கிய மேடைகளில் அடிக்கடி நாமும் கறுப்பர்கள்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது அவர்களுக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை. எனக்கு வாக்கரிடமிருந்து வேண்டியது அந்த ஒப்புமை இல்லை. என் வீட்டுக்குள் எங்கே பார்க்க வேண்டும் என்று அவர் காட்டும் திசைதான்.

*

பார்த்தால் எங்கும் இருந்திருக்கிறது. கோதுமை மாவுச் சாக்கை வெளுத்துத் தைத்த தலையணை உறைகள். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு கொடி ஓடும். அந்தக் கொடிக்கு எந்த அவசியமும் இல்லை, தலையணைக்கு அது தேவையில்லை. லயத்து வாசலில் மைலோ டின்களிலும் கட்டிப்பால் டின்களிலும் கனகாம்பரம், துளசி, செராய், பண்டான், மூன்று நிறத்துப் பட்டுரோசா. தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது பாட்டிக்கு உரம் போடும் வேலையும் உதிரிப்பழம் பொறுக்கும் வேலையும். அந்தப் பழக்கூட்டிலிருந்து செடிக்கு எரு எடுத்து வருவார்.

பிறகு தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். எங்களுக்கு மலிவுவிலை அடுக்குமாடியில் நான்காவது மாடி. பாட்டி சாயம் காலியான டின்களில் செடிகளைக் கொண்டுவந்து நடைபாதை நெடுக வைத்தார். மூன்றே மாதத்தில் நிர்வாகத்திலிருந்து கடிதம். நடைபாதையில் பொருட்கள் வைக்கக்கூடாது. நான்தான் படித்துக் காட்டினேன். பாட்டி கேட்டார்: "இது பொருளா?" இரண்டு டின்னை மட்டும் குளியலறைச் சன்னலில் வைத்துக்கொண்டு மற்றதைக் கீழே இறக்கச் சொன்னார். இறக்கியது நானும் தம்பியும். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் இல்லை.

பாட்டியை ரொம்ப நல்லவராகக் காட்டிவிடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. பாட்டி இனிமையான ஆள் இல்லை. கைநீளம். அம்மாவைப் பதினாறு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி மரம் வெட்ட அனுப்பியவர் அவர்தான், அப்பாவோ தாத்தாவோ இல்லை. பாடச் சொன்னால் பாட மாட்டார். "சாவு வீட்டுப் பாட்ட நல்ல வீட்டுல பாடுவாங்களா? போ அங்கிட்டு" என்று விரட்டுவார். 2014-இல் ஒருநாள் ரொம்பக் கெஞ்சி, வீட்டில் யாரும் இல்லாதபோது, கைப்பேசியில் பதிவு செய்தேன். பதினான்கு நிமிடம். அதில் பாதி தொலைக்காட்சிச் சத்தம். நடுவில் ஓர் இடத்தில் நான், "பாட்டி, கொஞ்சம் மெதுவா, எழுதிக்கிறேன்" என்கிறேன். அவர் நிறுத்திவிடுகிறார். மறுபடி எடுக்கும்போது ராகம் உடைந்துவிட்டது. அந்தப் பதிவை இப்போது கேட்டால் என் குரல்தான் காதில் அறைகிறது. எந்த வரி யாருக்காக, எப்போது என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. கதைக்கு எட்டு வரி தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டேன். 2016-இல் பாட்டி போய்விட்டார். அவருடைய சாவில் ஒலிபெருக்கியில் தேவாரம் போட்டோம்.

*

தொகுப்பின் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. 'மரபுப் பாடல்' என்பதை எடுத்துவிட்டுப் பாட்டியின் முழுப்பெயரைப் போடலாம் என்று முடிவு செய்து, பெரிய காரியம் செய்துவிட்டதுபோல அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பேரெல்லாம் போடாத."

"ஏம்மா?"

"எங்கம்மா ஒப்பாரிக்காரின்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா? சும்மா இருடி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒப்பாரி வைப்பவர் யார், எந்த ஆட்கள் என்று கணக்குப் பார்ப்பது கப்பலோடு வந்த இன்னொரு மரபு. தோட்டத்தில் ஒரே கிணறு, ஒரே பெரட்டு என்றாலும் கல்யாணப் பேச்சில் அது வெளியே வந்துவிடும். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் பயம் வெறும் பயமில்லை. பெயரில்லாமல் போனதற்கு நடுவர்களும் பல்கலைக்கழகமும் நானும் மட்டும் காரணமில்லை, வீட்டுக்குள்ளேயே அதை மூடிவைக்கும் கை ஒன்று இருந்திருக்கிறது. அந்தக் கை அம்மாவுடையது. அதன்மேல் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் பாட்டியின் பெயர் இல்லை. பெயரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுப் பெயர் போடாமல் இருப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அன்று நான் விடாமல், பெரியம்மா சொன்னதைச் சொன்னேன். மழை வரிகளை வாசித்துக் காட்டினேன். அம்மா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே கேட்டார். ஆறாவது வரியில் நிறுத்தச் சொன்னார்.

"அது வாளி இல்ல. காண்டா. காண்டா முறிஞ்சிச்சேன்னு வரும். நீ தப்பா எழுதியிருக்க."

"ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

"எனக்குத் தெரியாம? எட்டு வரியா அது? விடியவிடிய போவும். மூணாம் நாளு பாடுனப்ப எங்கப்பாருக்கும் சேத்துப் பாடுனாங்க, வராதவருக்கு. ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் மாத்துவாங்க."

தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார். இல்லை என்றேன். கைப்பேசியை எடுக்கப் போனேன்.

"அத வையி" என்றார். "மொதல்ல கேளு."